பில்டர் குழப்படி செய்தால்: மீன்தொட்டியில் எந்த அறிகுறிக்கு எதைப் பார்ப்பது

யாழ்ப்பாணத்தில் மீன்தொட்டி வைத்திருக்கிற யாராவது பில்டர் பழுதென்று வந்தால் நான் மூன்று கேள்விதான் கேட்பேன். எந்தக் கிணற்றுத் தண்ணீர்? கடைசியாகக் கரண்ட் எப்போது போனது? பில்டரைக் கடைசியாக எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள்? பெரும்பாலும் பதில் இந்த மூன்றுக்குள்ளேயே கிடக்கும். மோட்டர் உண்மையாகவே எரிந்து போனதென்று வந்தது குறைவு. ஆனாலும் எல்லோரும் முதலில் செய்வது புது மோட்டர் வாங்க ரவுணுக்குப் போவதுதான்.

பில்டர் என்பது ஊத்தை வடிக்கிற சல்லடை மட்டுமென்று நினைத்தால் கீழே வருவதில் பாதி விளங்காது. மீனின் கழிவும் மிஞ்சின தீனியும் அமோனியாவாக மாறும். ஸ்பொஞ்சிலும் செரமிக் வளையங்களிலும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு வகைப் பற்றீரியா அதை நைத்திரைற்றாக்கும், இன்னொரு வகை அந்த நைத்திரைற்றை நைத்திரேற்றாக்கும். முதல் இரண்டும் மீனுக்கு நஞ்சு. மூன்றாவதை மீன் ஓரளவு பொறுக்கும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக் கூட்டம் உருவாக 4 தொடக்கம் 6 கிழமை எடுக்கும். அழிப்பதற்கு ஒரு வாளி குளோரீன் தண்ணீர் காணும்.

சரி, உங்கள் தொட்டி என்ன செய்கிறது என்று பார்த்து அந்த இடத்திலிருந்து வாசியுங்கள். எதற்குக் கை வைப்பதென்றாலும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான்.

“ஓடுது, ஆனா தண்ணி வரத்து குறைஞ்சு போச்சு”

முதலில் ஸ்பொஞ்ச். அது அடைத்திருந்தால் மோட்டர் என்ன செய்தும் பயனில்லை. தொட்டித் தண்ணீரை ஒரு வாளியில் எடுத்து, அதற்குள் ஸ்பொஞ்சை அமுக்கி அமுக்கிப் பிழியுங்கள். மண்ணிறத் தண்ணீர் போய், கொஞ்சம் தெளிந்தவுடன் நிறுத்துங்கள். வெள்ளை வெளேரென்று வரும்வரை கழுவுகிறவர்கள்தான் அடுத்த கிழமை மீன் சாகுது என்று வருகிறார்கள். சவர்க்காரம் வேண்டவே வேண்டாம்.

ஸ்பொஞ்ச் துப்புரவாக இருந்தும் வரத்துக் குறைவென்றால் இம்பெல்லரை, அதாவது மோட்டருக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற சின்ன விசிறியைப் பார்க்க வேண்டும். இங்கே கொஞ்சம் மெதுவாகப் போவோம், ஏனென்றால் எங்கள் ஊரில் பில்டர் தேய்ந்து போவதைவிடச் சுண்ணாம்பு பிடித்துப் போவதுதான் அதிகம். குடாநாடே சுண்ணாம்புக்கல்லின் மேல் இருக்கிறது. கிணற்றில் அள்ளுகிற தண்ணீர் அந்தக் கல்லுக்குள் ஊறி வந்தது. தேத்தண்ணிக் கேத்திலின் அடியில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே படிவுதான் இம்பெல்லர் இருக்கிற குழிக்குள்ளும் பிடிக்கிறது. அங்கே இடைவெளி ஒரு மில்லிமீற்றர் அளவுதான். கொஞ்சம் பிடித்தாலே சுற்றுவது தடைப்படும்.

மோட்டரின் முன் மூடியைத் திருகிக் கழற்றினால் சின்ன விசிறி மாதிரி ஒன்று தெரியும். அந்தச் செட்டையில் பிடித்து நேராக வெளியே இழுத்தால் பின்னால் ஒரு உருளைக் காந்தமும் சேர்ந்து வரும், காந்தம் பிடித்திருப்பதால் முதலில் கொஞ்சம் இறுக்கமாக இருக்கும். நடுவில் போகிற வெள்ளைக் கம்பி செரமிக். அது வளையாது, முறியும். நான் ஒருமுறை சுண்ணாம்பில் இறுகிப்போன இம்பெல்லரைக் குறட்டால் பிடித்து இழுத்து, கையில் பாதிக் கம்பியும் குழிக்குள் பாதிக் கம்பியுமாக நின்றேன். இறுகியிருந்தால் இழுக்க வேண்டாம். மோட்டரின் அந்தக் குழிக்குள் வினாகிரியும் தண்ணீரும் சரிபாதி ஊற்றி அரை மணித்தியாலம் விடுங்கள், நுரை பொங்கி வந்தால் அது சுண்ணாம்பேதான். பிறகு தானாகவே கழன்று வரும். வினாகிரி இல்லையென்றால் தேசிக்காய்ப் புளியும் செய்யும், ஆனால் நேரம் எடுக்கும்.

கம்பியின் இரண்டு அந்தத்திலும் சின்ன ரப்பர்த் தொப்பி இருக்கும், சிலதில் ஒரு பக்கம் மட்டும். குசினி சிங்கில் வைத்துக் கழுவினால் அது ஓட்டையால் போய்விடும், தேடிப் பிடிக்க முடியாது, தனியாக வாங்கவும் கிடைக்காது. ஒரு பழைய சாப்பாட்டுக் கோப்பைக்குள் வைத்துச் செய்யுங்கள். குழியின் உட்பக்கத்தைக் காது துடைக்கிற பஞ்சுக்குச்சியால் தேய்த்து, எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் இரண்டு தரம் அலம்பிவிட்டுப் பூட்டலாம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தால் அந்த மோட்டர் வருடக்கணக்கில் ஓடும்.

கனிஸ்டர், அதாவது தொட்டிக்கு வெளியே வைத்து ரியூப்பால் தண்ணீர் போய்வருகிற மூடின பெட்டிப் பில்டர், வைத்திருக்கிறவர்கள் அந்த ரியூப்பையும் பாருங்கள். உட்பக்கம் பிடிக்கிற வழுவழுப்பு வரத்தைக் குறைத்துவிடும், வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது.

எவ்வளவு வருகிறது என்று கண்ணால் மட்டிட வேண்டாம். ஒரு லீற்றர்ப் போத்தலை வெளியேறும் வாயில் பிடித்து நேரம் பாருங்கள். 12 செக்கனில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு 300 லீற்றர். இரண்டடித் தொட்டிக்கு, அதாவது 24 அங்குல நீளம் 12 அங்குல அகலம் 12 அங்குல உயரம், விளிம்புவரை 56 லீற்றர் பிடிக்கும், மணலும் கல்லும் போக 50 என்று வையுங்கள். மணித்தியாலத்துக்கு 4 தொடக்கம் 6 தடவை தண்ணீர் பில்டருக்குள்ளால் போக வேண்டும் என்பது பொதுக்கணக்கு, ஆகவே 200 தொடக்கம் 300 லீற்றர் வந்தால் காணும். புதிதாகக் கழுவிப் பூட்டின அன்று அளந்து எழுதி வைத்தால் பிறகு குறைவது விளங்கும்.

“சத்தம் போடுது”

கடகட என்று அடித்தால் இம்பெல்லரில் மணல் போயிருக்கிறது, அல்லது அந்த ரப்பர்த் தொப்பி இல்லை, அல்லது செட்டை ஒன்று உடைந்திருக்கிறது. கொறகொற என்று தண்ணீர் கொப்பளிக்கிற சத்தமென்றால் காற்று புகுந்திருக்கிறது: தொட்டியில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். சோளகம் வீசுகிற மாதங்களில் யன்னலோரத் தொட்டியில் ஒரு கிழமைக்குள் இரண்டு விரல் அளவு வற்றிவிடும். பின்புறம் கொழுவுகிற பில்டருக்கு அதுவே காணும். வற்றினதுக்குத் திரும்பத் திரும்பக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினால் உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்துகொண்டே போகும், ஏனென்றால் வற்றுவது தண்ணீர் மட்டும்தான். மாரியில் நாலைந்து பெரிய போத்தல் மழைத்தண்ணீர் பிடித்து வைத்தால் இதற்கு நல்லது. முதல் மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள், ஓட்டில் இருக்கிற காகப்பீயெல்லாம் அதில்தான் வரும்.

காற்று மோட்டர் திடீரென்று பெரிதாக உறுமினால் உள்ளே இருக்கிற ரப்பர்ச் சவ்வு கிழியப் பார்க்கிறது. சத்தம் இருக்கிறது, குமிழி இல்லையென்றால் கிழிந்தே விட்டது. சில மோட்டர்களுக்குச் சவ்வு தனியாக வாங்கலாம். அதற்கு முன்னால் குமிழிக் கல்லைக் கழற்றிப் பாருங்கள், வெறும் ரியூப்பால் காற்று நன்றாக வந்தால் பிழை கல்லில்தான், அதற்கும் சுண்ணாம்பு பிடிக்கும். இரவில் மட்டும் அதிர்கிறது என்றால் வோல்டேஜ் குறைகிற நேரமா என்று விளக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

“கரண்ட் வந்தாப்பிறகு ஓடேல்லை”, “ஓடுது, ஆனா நாறுது”

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 பெப்ரவரி 9 ஞாயிற்றுக்கிழமை பாணந்துறைப் பக்கம் ஒரு குரங்கு செய்த வேலையில் நாடு முழுவதும் கரண்ட் போனது. ஆகவே மின்வெட்டு ஒரு நாளைக்கு வரத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டே பில்டரைத் தெரிவு செய்ய வேண்டும், பராமரிக்கவும் வேண்டும்.

ஓடவில்லையென்றால்: பின்புறம் கொழுவுகிற பில்டரின் பெட்டிக்குள் இருந்த தண்ணீர் தொட்டிக்கு இறங்கியிருக்கும், கோப்பையால் மொண்டு அதற்குள் ஊற்றிவிட்டுப் போடுங்கள், பிடித்துக்கொள்ளும். கனிஸ்டரில் காற்று அடைத்திருக்கும், பெட்டியைச் சரித்துச் சரித்து ஆட்டினால் குமிழி குமிழியாக வெளியே வரும். இரண்டும் இல்லையென்றால் இம்பெல்லர். ஏற்கெனவே சுண்ணாம்பு பிடித்து, ஓடிக்கொண்டிருந்த வேகத்தில் மட்டும் ஓடிக்கொண்டிருந்திருக்கும். நின்ற பிறகு திரும்ப எழும்ப அதற்குப் பலமில்லை.

நாற்றத்தில்தான் மீன் சாகிறது. கனிஸ்டர் மூடின பெட்டி. தண்ணீர் ஓடாதபோது உள்ளே இருக்கிற பற்றீரியா அங்கேயுள்ள ஒட்சிசனை முடித்துவிட்டுச் சாகத் தொடங்கும், பிறகு ஒட்சிசன் இல்லாமல் வாழ்கிற வேறு வகை பெருகும், கூழ்முட்டை மணம் அதிலிருந்து வருவது. கரண்ட் வந்தவுடன் மோட்டர் அந்தக் கறுத்தத் தண்ணீர் முழுவதையும் ஒரேயடியாகத் தொட்டிக்குள் அடிக்கும். ஒரு மணித்தியாலம் நின்றால் பரவாயில்லை. மூன்று, நாலு மணித்தியாலம் போய்விட்டதென்றால் பிளக்கைக் கழற்றி வைத்துவிடுங்கள். கரண்ட் வந்த பிறகு பெட்டியைத் திறந்து பழைய தண்ணீரை மாமரத்தடியில் ஊற்றி, உள்ளிருப்பதைத் தொட்டித் தண்ணீரில் ஒருதரம் அலம்பி, புதிதாக நிரப்பிப் போடுங்கள். மின்வெட்டு நீளுமென்று தெரிந்தால் நான் வளையங்கள் இருக்கிற கூடையை அப்படியே தூக்கித் தொட்டிக்குள் தாழ்த்திவிடுவேன். வடிவில்லைதான், ஆனால் அங்கே ஒட்சிசன் இருக்கிறது.

அந்த நேரத்தில் தீனி போட வேண்டாம். அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை ஒரு கோப்பையால் தண்ணீரை மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுங்கள். பிள்ளைகளிடம் விட்டால் சந்தோசமாகச் செய்வார்கள், தரைதான் நனையும். பற்றரியில் ஓடுகிற சின்னக் காற்று மோட்டர் ஒன்று வீட்டில் கிடந்தால் இந்தக் கவலையே இல்லை.

இன்னொன்று. காற்று மோட்டரைத் தொட்டிக்குக் கீழே தட்டில் வைத்திருக்கிறீர்களா? கரண்ட் நின்றவுடன் தண்ணீர் ரியூப் வழியாகத் திரும்பி மோட்டருக்குள் இறங்கும், பிறகு நிலத்துக்கும். ஒன்றில் மோட்டரை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள், இல்லாவிட்டால் ரியூப்பில் ஒருவழி வால்வு போடுங்கள். வால்வைப் பூட்டுமுன் வாயால் ஊதிப் பார்த்து, ஊதினால் காற்றுப் போகிற பக்கம் தொட்டியை நோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மறுபக்கமாகப் பூட்டிவிட்டு மோட்டர் பழுதென்று திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

“மீன் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது”

மற்றதையெல்லாம் ஆறுதலாகப் பார்க்கலாம். இது அப்படியில்லை. இப்போதே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றி, காற்று மோட்டரைப் போட்டுவிட்டு, பிறகு காரணம் தேடுங்கள்.

சித்திரை, வைகாசி வெயிலென்றால் முதல் சந்தேகம் ஒட்சிசன். 20 பாகைத் தண்ணீர் லீற்றருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசன் பிடிக்கும், 30 பாகையில் அது ஏழரைக்கு இறங்கும், எங்கள் வீட்டு விறாந்தையில் 30 பாகை ஒரு புதினமேயில்லை. விடியப்புறத்தில் மட்டும் மீன் மேலே வந்து, பத்து மணிக்குப் பிறகு சரியானால் பெரும்பாலும் இதுதான். பில்டரின் வாயை மேற்பரப்பு நன்றாகக் கலங்குகிற மாதிரித் திருப்பி வைத்தாலே பாதி தீரும்.

நாள் முழுக்க மேலேயே நிற்கிறது, செட்டையை ஒடுக்கி வைத்திருக்கிறது, பூ (செவுள்) சிவந்திருக்கிறது என்றால் அமோனியா. பூ கபில நிறமாக மங்கியிருந்தால் நைத்திரைற்றாக இருக்கும். சொட்டு மருந்து போட்டு நிறம் பார்க்கிற டெஸ்ட் கிற் ஒன்று வாங்கி வைத்திருங்கள். இரண்டும் பூச்சியம் காட்ட வேண்டும், கொஞ்சம் என்றாலும் கூடாது. எங்கள் தண்ணீர் கடினமானது, பி.எச். 8 பக்கம் நிற்கும். பி.எச். 7இல் இருப்பதைவிட 8இல் அதே அமோனியாவின் நஞ்சுப் பங்கு பத்து மடங்கு அளவுக்கு ஏறும். அதனால் இன்னொரு ஊர்க்காரர் “எனக்கு இவ்வளவு காட்டினது, ஒன்றும் நடக்கேல்லை” என்று சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்கக் கூடாது. நைத்திரைற்று என்றால் லீற்றருக்கு ஒரு கிராம் கல்லுப்புக் கரைத்து மெல்ல மெல்ல விடலாம். உப்பிலுள்ள குளோரைட்டு, நைத்திரைற்று மீனின் பூவுக்குள் போவதைத் தடுக்கும். தீனியை இரண்டு நாள் நிறுத்துங்கள்.

ஏன் வந்தது? இது என் கதை. ஒரு மாரியில் வெள்ளம் வடிந்த பிறகு எங்கள் பக்கத்துக் கிணறுகளுக்கெல்லாம் குளோரீன் போட்டார்கள், எங்கள் கிணற்றுக்கும் போட்டார்கள், போடத்தான் வேண்டும். இரண்டு நாள் கழித்து நான் ஒன்றையும் யோசிக்காமல் மேல்தாங்கித் தண்ணீரை வேகமாகத் திறந்துவிட்டு ஸ்பொஞ்சையும் வளையங்களையும் மினுங்க மினுங்கக் கழுவிப் பூட்டினேன். பார்த்தால் கடையிலிருந்து வந்த மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் காலை மொலி மீன் எல்லாம் மேலே. நாலு செத்தது. குளோரீன் கிருமியைக் கொல்லத்தான் போட்டது, அது நல்ல பற்றீரியா கெட்ட பற்றீரியா என்று பார்க்குமா? பிறகு ஒன்றரை மாதம் புதுத் தொட்டி மாதிரியே, நாளும் பொழுதும் தண்ணீர் மாற்றி மாற்றி இழுத்தேன்.

கிணற்றுத் தண்ணீர்தானே, குளோரீன் எங்கே என்று இருந்துவிடாமல் வெள்ளத்துக்குப் பிறகும், கிணறு இறைத்துத் துப்புரவாக்கின பிறகும் கவனமாக இருங்கள். வாளியில் எடுத்து மணந்து பாருங்கள். மணமிருந்தால் அகலமான வாளியில் ஒரு நாள், இரண்டு நாள் காற்று அடிக்க விட்டால் போய்விடும், அவசரமென்றால் கடையில் குளோரீன் எடுக்கிற மருந்து என்று தருகிற சோடியம் தயோசல்பேற்றுச் சொட்டு.

அடுத்த காரணம் தீனி. எங்கள் வீட்டில் தொட்டியைக் கடந்து போகிற ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை போடுவார்கள், அம்மம்மா “பாவமெல்லோ, என்னைப் பார்த்துக்கொண்டு நிக்குது” என்று பாண் துண்டே போடுவா. எந்தப் பில்டராலும் அதைத் தாங்க முடியாது. தீனிப் போத்தலை உயரத்தில் வைத்தேன், அம்மம்மாவுக்கு எட்டாது.

“தண்ணி தெளியுதில்லை”

நிறத்தைப் பாருங்கள்.

பால் மாதிரி வெள்ளை, புதுத்தொட்டி வைத்து இரண்டு மூன்று நாளில்: தண்ணீரில் மிதக்கிற பற்றீரியா பெருகியிருக்கிறது. பெரும்பாலும் தானாகவே அடங்கும், தொட்டியை வெறுமையாக்கித் திரும்ப நிரப்பினால் திரும்பவும் வரும். பழைய தொட்டியில் வந்தால் பில்டரை அளவுக்கு மீறிக் கழுவியிருக்கிறீர்கள், அல்லது ஏதோ ஒரு மீன் கல்லுக்குப் பின்னால் செத்துக் கிடக்கிறது, எண்ணிப் பாருங்கள்.

பச்சை: வெயில். பில்டரைக் குறை சொல்ல வேண்டாம், மிதக்கிற பாசி ஸ்பொஞ்சில் நிற்காத அளவு சின்னது. யன்னலை மறைத்து, தொட்டியைத் துணியால் மூன்று நாலு நாள் மூடி வைத்து, பிறகு பாதித் தண்ணீர் மாற்றுங்கள். திரும்பத் திரும்ப வந்தால் யூவி விளக்கு வைத்த பில்டர்தான் வழி.

தேத்தண்ணி நிறம்: மரக்கட்டையிலிருந்து இறங்குகிற சாயம். மீனுக்குக் கெடுதியில்லை. பிடிக்காவிட்டால் கார்பன் போடுங்கள், மூன்று நாலு கிழமையில் அது நிரம்பிவிடும், பிறகு எறிந்துவிட வேண்டியதுதான். மருந்து போடுகிற நாட்களில் கார்பனை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் மருந்தையும் அது குடித்துவிடும். கார்பன் சுண்ணாம்பையோ உப்பையோ நைத்திரேற்றையோ எடுக்காது. எல்லாவற்றுக்கும் மருந்து மாதிரி விற்கிறார்கள், அதனால் சொல்கிறேன்.

“தண்ணி மாத்தியும் மாத்தியும் நைத்திரேற்று இறங்குதில்லை”

டெஸ்ட் கிற்றை எடுத்துக்கொண்டு தொட்டிக்குப் போகாமல் கிணற்றடிக்குப் போங்கள். வலிகாமத்துத் தோட்டக் காணிகளில் போடுகிற உரம் செம்மண்ணுக்குள்ளால் இறங்கி, கீழே வெடிப்பும் துவாரமுமாக இருக்கிற சுண்ணாம்புக்கல்லுக்குள் போய்க் கிணற்றில் சேர்கிறது, மலசலகூடக் குழி கிணற்றுக்குக் கிட்ட இருந்தால் அதுவும் சேரும். குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம், அதைத் தாண்டுகிற கிணறுகள் இங்கே இருக்கின்றன. கிணறே 40 காட்டினால் தொட்டியை 20க்கு இறக்கச் சாதாரணப் பில்டரால் முடியாது. மழைத்தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலக்கலாம், அல்லது வேரைத் தண்ணீரில் விட்டு வளர்கிற மணிபிளான்ற் கொடி இரண்டைத் தொட்டியின் மேல் வைக்கலாம், அது நைத்திரேற்றை உறிஞ்சி வளரும், இலை மட்டும் வெளியே இருந்தால் சரி. வீட்டில் கைக்குழந்தை இருந்து அதே கிணற்றில் பால் கரைக்கிறீர்கள் என்றால் மீனை விடுங்கள், முதலில் அந்தத் தண்ணீரை முறையாகச் சோதிக்கக் கொடுங்கள்.

கடற்கரைப் பக்கத்துச் சவர்க் கிணறு என்றால் கப்பியும் மொலியும் சந்தோசமாக இருக்கும், நியோன் டெட்ராவை மறந்துவிடுங்கள்.

முருகைக்கல்லைப் பில்டருக்குள் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். அது மென்மையான தண்ணீர் உள்ள ஊருக்குச் சொன்ன வைத்தியம், சுண்ணாம்பு கூட்டுவதற்கு. எங்களிடம் ஏற்கெனவே கூடிப்போய்க் கிடக்கிறது.

“நிலம் ஈரமாக் கிடக்கு”, “கையில விறுவிறுக்குது”

ஈரம் கனிஸ்டரென்றால் மூடியிலுள்ள ரப்பர் வளையம். கழற்றி, ஒரு மணல் துணுக்கும் இல்லாமல் துடைத்து, சிலிக்கன் கிறீஸ் மெல்லிதாகப் பூசிப் போடுங்கள். வசலின் பூசினால் சில ரப்பர்கள் ஊதிப்போகும். பின்புறம் கொழுவுகிறதென்றால் ஸ்பொஞ்ச் அடைத்துத் தண்ணீர் விளிம்பால் வழிகிறதா என்று பாருங்கள்.

தொட்டிக்குள் கை வைக்க விறுவிறுத்தால் கையை எடுத்து, எல்லாப் பிளக்கையும் கழற்றி, அந்த மோட்டரை எறியுங்கள். திருத்திப் பார்க்கிற வேலை வேண்டாம், 230 வோல்ட். வீட்டு ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலுள்ள பொத்தானை அமுக்கிப் பாருங்கள். வயர் பிளக்குக்குப் போகுமுன் ஒருதரம் கீழே தொங்கி மேலே ஏற வேண்டும், அப்போதுதான் வயரோடு வழிகிற துளி பிளக்குக்குள் போகாமல் நிலத்தில் விழும்.

“மீன் எல்லாம் ஒரு மூலையில ஒதுங்கி நிக்குது”

பில்டர் பெரிசு. பைட்டர் மீனுக்கும் நீளவால் தங்கமீனுக்கும் வேகமான ஓட்டம் ஆகாது. வாயைக் கண்ணாடிப் பக்கம் திருப்பிவிடுங்கள். கப்பிக் குஞ்சு காணாமல் போகிறதென்றால் உறிஞ்சுகிற வாய்க்கு ஒரு ஸ்பொஞ்ச் துண்டைத் துளைத்துக் கொழுவுங்கள்.

புதிதாகத்தான் வாங்க வேண்டுமென்றால்

கடைக்கார அண்ணை பெட்டியைக் காட்டி “தம்பி, உது மூண்டடித் தொட்டிக்கும் காணும்” என்பார். பெட்டியில் இருக்கிற லீற்றர்க் கணக்கு ஸ்பொஞ்சும் இல்லாமல் உயரத்துக்கு ஏற்றவும் இல்லாமல் வெறும் மோட்டர் தள்ளுகிற அளவு. உள்ளே ஊத்தை சேர்ந்தால் அதில் பாதிதான் வரும், அதைக் கழித்துவிட்டு வாங்குங்கள். இம்பெல்லர் தனியாகக் கிடைக்குமா என்றும் அங்கேயே கேளுங்கள், முழிப்பார் என்றால் அந்தப் பிராண்ட் வேண்டாம்.

இரண்டடித் தொட்டி, கப்பி, மொலி, பைட்டர்: காற்று மோட்டரில் ஓடுகிற ஸ்பொஞ்ச் பில்டர். யோசிக்கவே தேவையில்லை. விலை குறைவு, சில வாட்ஸ்தான் எடுக்கும், சுண்ணாம்பு பிடிக்கத் தண்ணீருக்குள் மோட்டர் கிடையாது, கரண்ட் போனாலும் ஸ்பொஞ்ச் திறந்த தண்ணீரில் இருப்பதால் பற்றீரியா கனநேரம் தாக்குப் பிடிக்கும். தொட்டிக்குள் கறுப்பாகத் துருத்திக்கொண்டு நிற்கும் என்பதுதான் குறை.

தங்கமீன் வயிறாரத் தின்று வயிறாரக் கழிக்கிற சாதி. மூன்றடித் தொட்டியில் நாலு வளர்ப்பதென்றால் பின்புறம் கொழுவுகிறது அல்லது மேலே வைக்கிற பெட்டிப் பில்டர், அதோடு கூட ஒரு ஸ்பொஞ்ச். கனிஸ்டர் நல்ல சாமான்தான், ஆனால் இன்வேர்ட்டர் இல்லாத வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். மாற்றுக் கார்ட்ரிஜ் போட்டுப் போட்டு எறிகிற வகையையும் வாங்க வேண்டாம், ஒவ்வொரு மாதமும் பற்றீரியாவைக் காசு கொடுத்து எறிகிற வேலை அது. வாங்கிவிட்டீர்கள் என்றால் கார்ட்ரிஜ்ஜுக்குப் பதிலாக அதே அளவில் ஸ்பொஞ்ச் வெட்டிப் போடுங்கள்.

புதியதைப் பூட்டின அன்றே பழையதைக் கழற்ற வேண்டாம். இரண்டையும் ஒரு மாதம் ஒன்றாக ஓடவிட்டால் பற்றீரியா புதியதிலும் குடியேறும். இடமில்லையென்றால் பழைய ஸ்பொஞ்சில் ஒரு துண்டை வெட்டிப் புதியதன் பெட்டிக்குள் செருகிவிடுங்கள், அழுக்காக இருக்கிறதே என்று கழுவாமல்.